கூந்தலில் தொங்கிய பொங்கல்

சர்க்கஸ்காரிக்குத் தோள்பட்டை போனால் பாதி ஆள் போன மாதிரி. எனக்கு முப்பத்தாறு வயதில் போனது. உயரத்தில் பாரைப் பிடித்து ஆடி, கையை விட்டுப் பறந்து, எதிர்ப் பாரில் தலைகீழாகத் தொங்குகிறவன் கையில் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கும் சரியாகத்தான் சேர்ந்தேன். அவன் பிடித்த பிடியில் என் வலது தோளுக்குள் ஏதோ கழன்றது. வலையில் விழுந்தேன். எழுந்து நின்று ஒற்றைக் கையால் சலாம் வைத்து, கைதட்டலை முழுசாக வாங்கிக்கொண்டு, என் காலாலேயே நடந்து உள்ளே போனேன். அதற்கப்புறம் அந்தக் கை காதுக்கு மேலே போகவில்லை.

மேனேஜர் என்னை வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார். ஒன்பது வயதில் சைதாப்பேட்டையிலிருந்து சர்க்கஸோடு போனவள் நான். மூன்றாம் வகுப்பு முடிக்கவில்லை. இருபத்தேழு வருஷம் ஊர் ஊராக ஜனங்களை அண்ணாந்து பார்க்க வைத்தவள், இப்போது அவர்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு எனக்குச் சைதாப்பேட்டையில் ஷாமியானா கடை இருக்கிறது, அடையாறில் மாடி வீடு இருக்கிறது, படித்த இன்ஜினீயர்கள் வந்து எந்தக் கயிறு எவ்வளவு தாங்கும் என்று என்னைக் கேட்டுப் போகிறார்கள். எல்லாம் நானே உண்டாக்கியது. ஆனால் டிக்கெட் கிழித்த அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

தொண்ணூற்று மூன்றோ நாலோ, அந்த மார்கழியில் எங்கள் சர்க்கஸ் சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய மைதானத்தில் கூடாரம் போட்டது. நான் பிறந்த இடம். ஊருக்குத் திரும்பி வரும்போது வாசலில் நிற்கிறவளாக வந்தேனே என்று இருந்தது. தி.நகர் முழுக்க எங்கள் போஸ்டர். நடுவில் பெரிதாக ஒரு பெண், கூந்தலில் தொங்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிற மாதிரி. அந்த வித்தையைச் செய்தவள் ஒரு நேபாளிப் பெண். அவள் முடியைக் கட்டிவிடுவது அவளுடைய சித்தி. ஆட்டம் தொடங்கிப் பத்து நாளில், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்து இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போய்விட்டார்கள். போஸ்டர் போகவில்லையே. காட்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலில் இருக்கிற என்னைத்தான் பிடித்தார்கள். ஜவுளிக்கடைப் பைகளோடு குடும்பமாக வந்த ஒருவர், "இன்னாம்மா, முடியில தொங்குற பொண்ணு எங்க? போஸ்டர்ல மட்டும் தான் தொங்குமா?" என்று கேட்டார். கூட இருந்த அவருடைய மச்சான், "பொண்ணு வரும் நைனா, முடி இன்னும் வளர்ந்துக்கினு கீதாம்" என்றான். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இடது கை தன்னால் என் கொண்டைக்குப் போனது. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடுகிற முடி என்னுடையது. தோள் வேண்டாம், கை வேண்டாம், முடி மட்டும் இருந்தால் போதும் என்கிற வித்தை ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது!

நேராக மேனேஜரிடம் போனேன். அவர் தலச்சேரிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். தமிழ் பேசினாலும் மலையாளம் கூடவே வரும்.

"அந்த வித்தையை நான் செய்யறேன் சார்."

"நீயோ? உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன். தெரியாது. நாலு வருஷமாகப் பார்த்தது தெரியும், அவ்வளவுதான்.

அவர் என் கொண்டையை ஒரு பார்வை பார்த்தார். "போகி அன்னைக்குக் காலையில் நான் பார்ப்பேன். நூறு எண்ணற வரைக்கும் தொங்கணும். பொங்கலுக்கு ஆள் குவியும், அன்னைக்கு வித்தை ஏறணும். முடியாதென்றால் இப்பவே சொல்லு, கண்ணூரில் ஒரு பெண் உண்டு. பத்தொன்பது வயசு."

"எனக்கு முப்பத்தாறு வயசு முடி சார், நல்லா முத்தினது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குப் பதினேழு நாள் கிடைத்தது.

சர்க்கஸில் ஒரு வழக்கம் உண்டு. கூந்தல் வித்தைக்காரிக்கு முடி கட்டும்போது திரையை இழுத்துவிடுவார்கள். கட்டுகிறவளைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. முதலாளி வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அந்தக் கட்டுதான் அவள் சொத்து. அதனால் நாலு வருஷம் பக்கத்துக் கூடாரத்தில் படுத்தவளாக இருந்தும் முடிச்சு எப்படிப் போடுவார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

என் கூட்டாளி சைக்கிள்காரியைக் கூப்பிட்டேன். ஒற்றைச் சக்கரத்தில் ஏழு குடத்தை அடுக்கிக்கொண்டு போகிறவள், மதுரைப் பக்கம். விடிகாலையில், காட்சிக்கு ஆள் வருவதற்கு முன், முடியை உச்சியில் குதிரைவால் மாதிரி சேர்த்து, ஒரு இரும்பு வளையத்தில் மடித்து, நூல் கயிற்றால் இறுக்கிச் சுற்றினாள். மேலே கப்பியில் ஓடுகிற கயிற்றின் கொக்கியை வளையத்தில் மாட்டினோம். கூடாரம் போடுகிற இரண்டு ஆட்கள் கயிற்றை மெதுவாக இழுத்தார்கள். குதிகால் மண்ணை விட்டுக் கிளம்பியது. அவ்வளவுதான், இடது காதுக்கு மேலே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

"ஏண்டி, கோழி பருந்தைப் பாக்குற மாதிரி பாக்குற?" என்றாள் சைக்கிள்காரி.

"இறக்குடி!"

மூன்று நாள் இப்படியே. ஒரு பக்கம் இறுக்கினால் மறு பக்கம் தளர்ந்தது. சீப்பு வைத்தால் கொத்தாக முடி வந்தது. நாலாம் நாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி மயிலாப்பூருக்குப் போனேன், என் அக்காவைப் பார்க்க.

அக்கா சைதாப்பேட்டையில் குடியிருந்தாலும் பிழைப்பு மயிலாப்பூரில்தான், கோயில் மாட வீதி ஓரத்தில் பூக்கூடை. மார்கழி என்றால் அவளுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"முடியில தொங்கப் போறியா? உனக்கு இன்னா கிறுக்கு புட்ச்சிக்கிச்சா?" என்றாள் அக்கா. கை மட்டும் நிற்கவில்லை, கட்டிக்கொண்டே இருந்தது.

பூ வாங்க நின்ற ஒரு மாமி காதில் அது விழுந்துவிட்டது. "ஏண்டிம்மா, நெஜமாவா? தலை வலிக்காதோ? ஆத்துல சொல்லிண்டுதான் செய்யறியா?"

"அவளுக்கு ஆமும் இல்ல ஒண்ணும் இல்ல மாமி. கூடாரந்தான். நீ முழத்தைப் புடி" என்றாள் அக்கா.

நான் அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம். காம்புகளை ஒட்டி வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் எடுத்துத் திருப்பிப் போட்டு, ஒரு இழு. பூ கசங்கவில்லை, காம்பும் நழுவவில்லை. முழம் முழமாக அளந்து தூக்கிப் போடுகிறாள், ஒன்றுகூட உதிரவில்லை.

"அக்கா, இதே மாதிரி என் முடியைக் கட்டுவியா?"

அவள் என் தலைத்துணியை அவிழ்த்து, சைக்கிள்காரி போட்ட கட்டின் மிச்சத்தைப் பார்த்தாள். "இது கட்டா? ஆட்டைக் கட்ற மாதிரி கட்டிக்கீறா. கொத்தா அள்ளிக் கட்டுனா ஒண்ணும் நிக்காதுடி. ரெண்டு ரெண்டா வெச்சிப் போவணும். நாரும் ஈரமா இருக்கணும். காஞ்ச நாரு கடிக்காது."

மறுநாளிலிருந்து விடிகாலையில் மைதானத்துக்கு வந்து, என் தலையைக் கட்டிவிட்டு, அப்புறம் மயிலாப்பூர் போனாள். அவளுக்காகத் திரையை இழுத்தோம். தலை முழுக்கச் சம அளவில் முடியைப் பிரித்து, தண்ணீர் தொட்டு, ஈரக் கயிற்றில் இரண்டு இரண்டு பிரியாக வைத்து, பூ கட்டுகிற அதே முடிச்சை வரிசையாகப் போட்டாள். எல்லாம் சேர்ந்து ஒரு தடித்த சரமாக வந்ததும் அதை வளையத்தில் மடித்துக் கட்டினாள். சர்க்கஸில் அப்படி ஒரு கட்டை எவளும் கட்டியிருக்க மாட்டாள் என்று பந்தயம் கட்டுவேன்.

கயிற்றை இழுத்தார்கள். முதலில் தலை போகிறது, உடம்பு அப்புறம்தான் வருகிறது. கண் இரண்டும் மேலே இழுபட்டுக் கீறல் மாதிரி ஆகிவிடும். தரையை விட்டுக் கிளம்புகிற அந்த ஒரு நொடிதான் பெரிய வலி. அதைத் தாண்டிவிட்டால் வலி தலை முழுக்கப் பரவி, பரவியதாலேயே தாங்குகிற அளவுக்கு வந்துவிடும். கழுத்தை நேராக வைக்க வேண்டும், பேசக் கூடாது, சிரிப்பதென்றால் பல்லை மட்டும் காட்ட வேண்டும். இரண்டடி உயரத்தில் முப்பது எண்ணும் வரை தொங்கினேன். அந்த வாரக் கடைசியில் ஆறடியில் எழுபது எண்ணினேன். முப்பத்தாறு வயதில் புது வித்தை கற்றுக்கொண்டவள் எங்கள் சர்க்கஸில் வேறு யாரும் இல்லை. சிங்கத்துக்குக்கூட அந்த வயதில் சொல்லிக்கொடுக்க முடியாது.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. போகிக்கு ஆறு நாள்.

முடிச்சை அவிழ்த்த அக்கா என் முடியைக் கையில் எடுத்து முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, முடியா தேங்கா நாரா? இப்பிடி வறண்டு கிடந்தா அந்துக்கினு போவாதா? வா ஊட்டுக்கு, இன்னிக்கி வெள்ளிக்கெழம."

போனேன். எனக்கும் ஆசைதான். அவள் வீட்டுக் கொல்லையில் என்னை மணையில் உட்காரவைத்து, மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துச் பரபரவென்று தேய்த்தாள். இரண்டு வாரமாக இழுபட்டுப் புண்ணாகிக் கிடந்த தலை. அந்த எண்ணெய் இறங்க இறங்க எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. சீயக்காய் போட்டுக் குளித்து, வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முடியைக் காயவைத்தேன். தெருவில் போனவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அப்படி மினுமினுத்தது.

சனிக்கிழமை காலை மேனேஜர் சும்மா அந்தப் பக்கம் வந்தார். நான்தான் கூப்பிட்டேன். "சார், போகி வரைக்கும் எதுக்கு? இப்பவே பாருங்க." வாய் சும்மா இருக்காது எனக்கு.

அக்கா கட்டினாள். கட்டும்போதே, "இன்னிக்கி பட்டு மாரி கீது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். கயிற்றை இழுத்தார்கள். மூன்றடி போயிருப்பேன். தலையில் வலியே தெரியவில்லை. எவ்வளவு நன்றாகத் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். பிரி பிரியாக ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. வளையம் தனியாக மேலே போனது, நான் தனியாகக் கீழே வந்தேன். மரத்தூள் மேல் சப்பென்று உட்கார்ந்தேன். முடி அவிழ்ந்து முகம் முழுக்க விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேனேஜர் மேலே ஆடிக்கொண்டிருந்த வெறும் வளையத்தைப் பார்த்தார். "இருபத்தைந்தடியில் இது நடந்தா என்ன செய்வே? நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போறேன். கண்ணூருக்குப் பேசணும்."

"போகி காலைன்னு சொன்னீங்க. போகி காலை வரைக்கும் போன் பண்ணாதீங்க சார்." என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது. என் ஆயுசில் நான் கெஞ்சியது குறைவு.

"சரி. ஆனால் கேட்டியா, அன்னைக்கும் இப்படி இறங்கினா பின்னே நீ ஏற வேண்டாம். வாசலைப் பார்த்துக்கோ."

அவர் போனதும் அக்கா வளையத்தை இறக்கச் சொல்லி, கயிற்றை விரலால் தடவினாள். விரலை முகர்ந்தாள். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். "எண்ண! எண்ணக் கையோட நான் என்னிக்காவது பூ கட்டிக்கீறனா? நாரு வழுக்கிக்கினு பூடும்னு கையக் கழுவிட்டுத்தான ஒக்காருவேன்! உன் தலைல கொண்டாந்து ஊத்தி வெச்சிக்கீறேன் பாரு."

அப்போதுதான் எனக்கு அந்த நேபாளிப் பெண்ணின் முடி ஞாபகம் வந்தது. நாலு வருஷமும் அது வறண்டே கிடந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியாத சோம்பேறி என்று நானே அவளை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் தலைமுழுகுகிற ஊரில் பிறந்தவளுக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்தது. அவள் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. தொழில் ரகசியம், எப்படிச் சொல்வாள்?

எண்ணெயை வைப்பது ஒரு மணி நேரம், எடுப்பது மூன்று நாள். முதல் நாள் சீயக்காய், இரண்டு தடவை. விரலால் தொட்டால் இன்னும் பிசுபிசுத்தது. மறுநாள் அரப்பும் பயத்தமாவும். அக்கா மாடவீதிக் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். மார்கழிக் கடைசியில் ஒரு பூக்காரி அப்படிச் செய்வது லேசு இல்லை. நான் கேட்டதற்கு, "நான் ஊத்துன எண்ண, நான்தான் எடுக்கணும், பேசாம குனி" என்றாள். சைக்கிள்காரி தண்ணீர் தூக்கி ஊற்றினாள்.

"ஏழு குடத்தைத் தலையில வெச்சப்பகூட எனக்கு இவ்வளவு நோகல" என்று அலுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் துணி சோப்பையே எடுத்துவிட்டோம். முடி சாக்கு மாதிரி ஆனது. அக்கா ஒரு பிரியை எடுத்து ஈரக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். நழுவவில்லை. "இப்பதான் கடிக்கிது" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சோப்பு பட்டது.

போகி அன்று காலை ஊர் முழுக்கப் பழைய பாயும் டயரும் எரிந்த புகை. கூடாரத்துக்குள்ளும் அந்த மூட்டம் இருந்தது. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். தூக்கினார்கள். பழைய வலி முழுசாக வந்தது. அதுவரை எந்த வலிக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வலிக்கிறது என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சைக்கிள்காரி சத்தமாக எண்ணினாள். நூறு வந்ததும் மேனேஜர் கையை இறக்கிக் காட்டினார். நான் இடது கையை ஆட்டி வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு காலால் ஒரு வீச்சு வீசினேன். பால்பேரிங் வைத்த கொக்கி, பம்பரம் மாதிரி சுற்றியது. அதை அதுவரை நான் பழகவே இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது. இறங்கும்போது அவருடைய பீடி அணைந்து விரலிலேயே இருந்தது.

"மூணு காட்சியும் செய்வியா?" என்றார்.

"நாலாவது வெச்சாலும் செய்வேன்."

பொங்கலன்று கூடாரம் நிரம்பி, ஓரத் திரையைச் சுருட்டிவிட்டு நின்றுகொண்டும் பார்த்தார்கள். இருபத்தைந்தடி உயரத்தில், ஜிகினாப் பாவாடையோடு, என் சொந்த ஊர் ஜனம் அண்ணாந்து பார்க்க, கூந்தலில் தொங்கினேன். வலது கை மேலே போகாது என்பதால் இரண்டு கையையும் தோளுக்கு நேராக விரித்தேன். போஸ்டரில் இருந்ததும் அப்படித்தான். எங்கிருந்தோ அக்காவின் குரல் கேட்டது. "என் தங்கச்சிடீ! கட்டு என் கட்டு!" தொழில் ரகசியத்தைக் கேலரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிக்கக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன்.

காணும் பொங்கல் முடிந்ததும் மேனேஜர் திரைக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை, முறைப்படி வெளியிலிருந்தே கேட்டார். "அடுத்த முகாம் வேலூர். உன் அக்கா வருமோ?"

"நானா? எம் பொழப்ப எவ பாப்பா?" என்று அக்கா உள்ளிருந்தே பதில் சொன்னாள். அன்றைக்கே சைக்கிள்காரியைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு கூடை கதம்பத்தைக் கொட்டிக் கட்டச் சொன்னாள். ஒரு வாரம் கட்டினாள் பாவம். முதல் நாள் கட்டியதை மாட்டுக்குத்தான் போட வேண்டியிருந்தது. ஏழாம் நாள் கட்டிய சரத்தை அக்கா விற்றேவிட்டாள்.

எட்டாம் நாள் விடிகாலை சைக்கிள்காரி தனியாக என் தலையைக் கட்டினாள். அக்கா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், தொடவில்லை. பத்தடி தூக்கினார்கள். ஓரத் திரையெல்லாம் சுருட்டியிருந்தது. அக்கா கட்டை ஒரு தடவை பார்த்தாள். "நிக்கிது. நான் வரேன், பூ வாடிடும்" என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தலையைத் திருப்ப முடியாததால் நேரே தெரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தைத் தாண்டி, பாலத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அக்கா இடுப்பில் கூடையோடு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள். கண்டக்டரை ஏதோ திட்டியபடி ஏறினாள். கீழே சைக்கிள்காரி தொண்ணூறைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.